கணவர் கடை, நண்பர் பெயரில் பில், டிராயரில் ஒரு கவர்: பேரூராட்சி ஊழியருக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சாரம்

தமிழ்நாட்டுப் பேரூராட்சி ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அப்பா பணியில் இருக்கும்போதே காலமானதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. கணவர் அதே ஊர்க் கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். கடைக்காக வாங்கிய வங்கிக் கடனுக்கு இவர்தான் ஜாமீன், மாதத் தவணையும் இவர் சம்பளக் கணக்கிலிருந்தே போகிறது. மூன்று வருடமாகத் தெருவிளக்குக்கான எல்.இ.டி. பல்பு, வயர், ஹோல்டர், டைமர் எல்லாம் கணவர் கடையிலிருந்துதான் பேரூராட்சிக்குப் போகின்றன. "மனைவி ஆபீஸிலேயே இருக்கிறாளே, பேச்சு வரும்" என்று பில்லை மட்டும் நண்பர் ஒருவரின் கடைப் பெயரில் போட்டிருக்கிறார்கள். மூன்று கடைகளின் விலைப்புள்ளி (கொட்டேஷன்) வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, கோப்பை எழுதி மேலே அனுப்புவது இவருடைய சீட். முன்பிருந்த செயல் அலுவலருக்கு எல்லாம் தெரியும். "பரவாயில்லம்மா, சாமான் நல்லாத்தானே இருக்கு" என்று சொன்ன அவர் இப்போது மாறுதலில் போய்விட்டார்.

இந்த ரகசியம் ஒரு வார்டு கவுன்சிலர் காதுக்கு எட்டிவிட்டது. அவருடைய அண்ணன் கல்யாண மண்டபத்தின் மாடி டைனிங் ஹாலைக் குடியிருப்பு என்று காட்டிச் சொத்துவரியைக் குறைத்துக் கொடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் லஞ்ச ஒழிப்புக்கு எழுதிப் போடுவாராம். இது போதாதென்று, தீபாவளிக்கு முந்தின நாள் ரோடு கான்ட்ராக்டர் ஒருவர் மேசையில் வைத்துவிட்டுப் போன ஸ்வீட் பாக்ஸுக்குள் ஒரு கவர். ஸ்வீட்டைத் தூய்மைப் பணியாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். பின் அடித்த கவரைப் பிரிக்காமல் டிராயரில் பூட்டி வைத்துப் பத்து நாளாகிறது.

அவர் கேட்பது: "விலை அதிகம் வைக்கவில்லை, யாரிடமும் கமிஷன் வாங்கவில்லை, பில்லும் என் கணவர் பெயரில் இல்லை, பின்னே இதில் என்ன தப்பு? கவரை நான் கேட்கவே இல்லையே? ஏழு நாளுக்குள் சொன்னால் கேஸ் இல்லை என்று யூடியூபில் ஒருவர் சொன்னாரே, நாள் தாண்டிவிட்டதா? கவுன்சிலர் அரசு ஊழியர் இல்லை, அவரை எந்தச் சட்டமும் தொடாதாமே? உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடுமா?"

நஷ்டம் இல்லை என்பது பதில் ஆகாது

சகோதரி, முதலில் ஒன்று. உங்கள் கடிதத்தில் "நான் காசு வாங்கவில்லை" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. நான் நம்புகிறேன். ஆனால் உள்ளாட்சி ஊழியருக்கான நடத்தை விதிகள் கேட்கும் கேள்வி அது மட்டும் இல்லை. உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ சம்பந்தமுள்ள விஷயத்தை நீங்கள் அலுவலக ரீதியாகக் கையாளவே கூடாது என்பதுதான் அடிப்படை. பல்பு நல்ல பல்பா, விலை நியாயமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வரும் பேச்சு. கணவர் கடைச் சாமானுக்கான ஒப்பீட்டுப் பட்டியலை நீங்கள் தயாரித்த அன்றைக்கே விதி மீறப்பட்டுவிட்டது, பேரூராட்சிக்கு ஒரு ரூபாய் லாபமே வந்திருந்தாலும் சரி.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-இல் வந்தவை. உள்ளாட்சி ஊழியர்களுக்கான பணி விதிகளும் சாரத்தில் அதே வழியில்தான் போகின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்று நியமன ஆணையிலும் பணிப்பதிவேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் தொழில் செய்யாதே, குடும்பத்தார் தொழிலுக்கு உன் பதவியை வைத்து ஆள் பிடிக்காதே, வீட்டில் யாராவது வியாபாரம் செய்தால் மேலதிகாரிக்குத் தெரிவி என்ற மூன்றும் இருக்கும். இந்த மூன்றாவது ஒன்றைச் செய்திருந்தாலே இன்றைக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

"உறவு என்பதாலேயே குற்றமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1966-இல் குலாம் யாசின் கான் வழக்கில், நகராட்சியில் மகன் வேலை பார்க்கிறான் என்பதற்காகவே அப்பாவுக்கு அந்த நகராட்சியில் 'ஆதாயம்' இருப்பதாகச் சொல்ல முடியாது, வெறும் உறவு போதாது, பணம் சார்ந்த நலன் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2012-இல், கோவாவில் கணவர் பஞ்சாயத்து வேலையை எடுத்துச் செய்த ஒரு பெண் உறுப்பினரின் பதவி இழப்பு சரிதான் என்றது. இரண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தகுதி பற்றிய வழக்குகள், ஊழியருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பார்வை அதுதான், உங்கள் பணம் அதில் இருக்கிறதா இல்லையா என்பது. கடைக் கடனுக்கு நீங்கள் ஜாமீன், தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. அப்படியென்றால் அந்தக் கடை ஓடினால் உங்களுக்கு நிம்மதி, படுத்தால் உங்கள் தலையில் கடன். 'எனக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை' என்று எந்த விசாரணை அதிகாரி முன்னாலும் நீங்கள் சொல்ல முடியாது.

பில்லை மாற்றிப் போட்டதுதான் பெரிய சிக்கல்

நீங்கள் பாதுகாப்பு என்று நினைத்த இடத்தில்தான் ஆபத்து அதிகம் இருக்கிறது. கணவர் பெயரிலேயே வெளிப்படையாக பில் வந்திருந்தால் அது நடத்தை விதி மீறல், துறை நடவடிக்கையோடு முடிய வாய்ப்பு அதிகம். நண்பர் பெயரில் போட்டதால் 'மறைக்கும் எண்ணம் இருந்தது' என்பதற்கு நீங்களே சாட்சி தயார் செய்து வைத்திருக்கிறீர்கள்.

அந்த மூன்று விலைப்புள்ளிகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் கவலை. மற்ற இரண்டு கடைக்காரர்கள் நிஜமாகவே விலை கொடுத்தார்களா, அல்லது லெட்டர்பேடை வாங்கி வீட்டிலேயே நிரப்பினீர்களா? உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் இதைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். மூன்று தாளிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை, மூன்றிலும் 'ஹோல்டர்' என்ற சொல்லில் ஒரே எழுத்துப்பிழை, மூன்றிலும் ஒரே தேதி என்று தணிக்கைத் தடையில் வரிசையாக எழுதிவிடுவார்கள். அப்படி நிரப்பியிருந்தால் அது நடத்தை விதி விஷயம் இல்லை, பொய் ஆவணம் தயாரித்த குற்றம். 1.7.2024-க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம், பின் நடந்தவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா. டெண்டர் வராமல் இருக்க வாங்குதலைச் சின்னச் சின்னதாகப் பிரித்திருந்தால் 1998-ஆம் வருட டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழான விதிகளும் குறுக்கே வரும். நண்பர் கடைக்கு உங்கள் கணவர் ஜி.எஸ்.டி. பில் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். சாமான் ஒருவருடையது, பில் இன்னொருவருடையது, நடுவில் காகிதமே இல்லை என்றால் வரித்துறைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஊழல் தடுப்புச் சட்டம் வருமா? தானாக வராது. 'பதவியைத் தவறாகப் பயன்படுத்தித் தனக்கோ பிறருக்கோ ஆதாயம் தேடிக்கொடுத்தார்' என்ற பழைய பிரிவு 2018 ஜூலை 26-இல் வந்த திருத்தத்தோடு போய்விட்டது, அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துகிறவர் பழைய புத்தகத்தைப் படித்திருக்கிறார். இப்போதுள்ள 7-ஆம் பிரிவில், கடமையை முறைகேடாகவோ நேர்மையின்றியோ செய்யும் எண்ணத்தோடு முறையற்ற ஆதாயம் பெற்றதைக் காட்ட வேண்டும். அது உங்கள் கோப்புகளைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இல்லை. விலைப்புள்ளிகள் உண்மையாக இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும், பொய்யாக இருந்தால் அந்த எண்ணத்துக்கு அதுவே ஆதாரம்.

அப்படியானால் கணவர் தொழிலை விட வேண்டுமா?

வேண்டாம். அவர் பிழைப்பு அவர் உரிமை. பேரூராட்சி ஊழியரின் கணவர் வியாபாரம் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பக்கத்துப் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ தன் பெயரில், தன் ஜி.எஸ்.டி. எண்ணில் ஒப்பந்தப்புள்ளி போடட்டும், நீங்கள் அதை உங்கள் அலுவலகத்தில் தெரிவித்துவிட்டால் போதும். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்துக்கு மட்டும் ஒரு வயர் துண்டுகூட இனிமேல் அவர் கடையிலிருந்து போகக் கூடாது. எழுத்து அனுமதி வாங்கிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி வாதாட இடம் இருக்கலாம், ஆனால் நான் உங்கள் வக்கீலாக இருந்தால் சம்மதிக்க மாட்டேன், சின்ன ஊரில் அந்த அனுமதிக் காகிதத்தை யாரும் கேட்கப் போவதில்லை, பேச்சு மட்டும் நிற்கும்.

பழைய செயல் அலுவலர் வாய்மொழியாகச் சரி சொன்னதை ரொம்ப நம்பியிருக்கிறீர்கள். விசாரணையில் அவர் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லாத அதிகாரி அபூர்வம்.

டிராயரில் இருக்கும் கவர்

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முடியுங்கள்.

ஏழு நாள் கணக்கு உங்களுக்கானது இல்லை. அது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வேறு வழியில்லாமல் லஞ்சம் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ சொன்னால் கொடுத்தவர் தப்பிக்கலாம் என்பது. வாங்கும் இடத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு சலுகை நாள் கிடையாது. "நான் கேட்கவில்லையே" என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஊழியர் கேட்காமலே ஒருவர் நீட்டி, ஊழியர் அதை ஏற்றுக்கொண்டால் அதுவும் 7-ஆம் பிரிவில் வரும் 'ஏற்றல்'தான், முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா என்பதுதான் கேள்வி. பிரிக்காமல், செலவழிக்காமல் வைத்திருப்பது உங்களுக்குச் சாதகம். பத்து நாளாக யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்திருப்பது பாதகம்.

தீபாவளி சமயத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை அரசு அலுவலகங்களில் திடீர் சோதனை போடுவது உங்களுக்குத் தெரியாததில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு டிராயராகத் திறக்கச் சொல்வார்கள், காலையில் கையிருப்புப் பணம் எழுதிய பதிவேடு இருந்தால் அதை வாங்கி ஒப்பிடுவார்கள், மிச்சமெல்லாம் 'கணக்கில் வராத பணம்' என்று மகஜரில், அதாவது சோதனை அறிக்கையில், ஏறும். அந்த நிமிஷத்தில் "நான் பிரிக்கவே இல்லை சார்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆகவே கவரைப் பிரிக்க வேண்டாம், கான்ட்ராக்டரை ரகசியமாகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம், அப்புறம் திருப்பிக் கொடுத்ததற்கு உங்களிடம் ஒரு ஆதாரமும் இருக்காது. இப்போதைய செயல் அலுவலருக்குக் கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதி, யார், எப்படி வைத்துவிட்டுப் போனார், எப்போது கவனித்தீர்கள், இதுவரை பிரிக்கவில்லை, இதோ ஒப்படைக்கிறேன், திருப்பி அனுப்ப உத்தரவிட வேண்டும். தாமதத்துக்கான காரணத்தை மழுப்பாமல் ஒரு வரியில் எழுதுங்கள், பயம் என்றால் பயம் என்றே எழுதுங்கள். இரண்டு சக ஊழியர்கள் முன்னால் கொடுத்து, நகலில் தேதியோடு 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தால், அன்றைக்கே அதே கடிதத்தைப் பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், மறுத்ததையும் சேர்த்து எழுதி. தேதியை மட்டும் முன்தேதியிட்டு எழுத வேண்டாம். யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள்.

கவுன்சிலரைச் சட்டம் தொடாதா?

தொடும். இது ஊரெல்லாம் பரவியிருக்கும் தவறான நம்பிக்கை. மனீஷ் திரிவேதி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், நகராட்சி மன்ற உறுப்பினர் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியர்தான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சம்பளம் வாங்கவில்லை, தேர்தலில் நின்று வந்தேன் என்பதெல்லாம் எடுபடவில்லை, பொதுக் கடமை ஆற்றும் பதவியில் இருக்கிறார், அதுவே போதும். பேரூராட்சி உறுப்பினர்கள், ஊழியர்கள் மீதான முறைகேட்டுப் புகார்களை விசாரிக்க 2014-ஆம் வருடச் சட்டப்படி சென்னையில் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் அலுவலகமும் இருக்கிறது.

மண்டப விஷயத்தில் அவருக்குப் பயந்து ஒரே ஒரு முறை வளைந்தீர்கள் என்றால், இதுவரை உங்கள் மேல் இல்லாத ஒரு குற்றத்தை நீங்களே உருவாக்குகிறீர்கள். டைனிங் ஹாலைக் குடியிருப்பு என்று எழுதினால் பேரூராட்சிக்கு வருடா வருடம் வரி நஷ்டம், அது உங்கள் கையெழுத்தில். அப்புறம் அவர் உங்களை விடுவார் என்று நினைக்கிறீர்களா? அடுத்தது வேறொரு கட்டடம் வரும். "அண்ணனை மனு கொடுக்கச் சொல்லுங்க, அளந்து பார்த்து ரிப்போர்ட் வைக்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். மனு வந்தால் அளவு எடுக்கச் சொல்லி, இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். அவர் பேசிய தேதி, இடம், சொன்ன வார்த்தைகள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்குக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். அவர் மிரட்டலுக்கு உள்ள பலமே உங்கள் ரகசியம்தான், கணவர் கடை பற்றி நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் கையில் பாதி ஆயுதம் இருக்காது.

எழுதிக் கொடுப்பதா, சும்மா இருந்துவிடுவதா?

மூன்று வழி இருக்கிறது. சத்தமில்லாமல் சப்ளையை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்வது ஒன்று. கவுன்சிலருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அது நிலைக்காது. நடந்தது எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதி மன்னிப்புக் கேட்பது இன்னொன்று. மனசு லேசாகும், ஆனால் நாளைக்கு அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாகும்.

நான் சொல்வது நடுவில் ஒன்று. இந்த வாரமே இரண்டு பத்தியில் ஒரு கடிதம் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- கணவர் பெயர், கடை, தொழில், கடைக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் என்பது.
- அந்தக் கடைச் சாமான் பேரூராட்சிக்கு வந்திருக்கிறது, இனி வராது என்பது.
- மின்சாமான் கொள்முதல் சம்பந்தப்பட்ட கோப்புகளை வேறு சீட்டுக்கு மாற்றித் தர வேண்டும் என்ற கோரிக்கை.

எழுதுவது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் யார் பெயரில் பில், விலைப்புள்ளி எப்படி வந்தது என்ற விவரங்களை ஒரு வழக்கறிஞரிடம் கோப்பு நகல்களைக் காட்டாமல் எழுத வேண்டாம். கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம், "வழக்கறிஞரிடம் கலந்து எழுத்தில் தருகிறேன்" என்று அவகாசம் கேளுங்கள். பழைய பில், டெலிவரி சலான், எதையும் கிழிக்காதீர்கள், திருத்தாதீர்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். தகவல் சொல்கிறவரைக் காப்பாற்றும் மத்தியச் சட்டம் 2014-இல் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. ஆகவே உங்களுக்குக் கவசம் உங்கள் கையிலிருக்கும் தேதி போட்ட ஒப்புகை நகல்கள்தான்.

வேலை போய்விடுமா?

போகவே போகாது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். தானாகப் போய்விடும் என்பதும் பொய். குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்க வேண்டும், உங்கள் விளக்கம் கேட்க வேண்டும், பெரிய தண்டனை என்றால் முறையான விசாரணை நடத்த வேண்டும். அரசு ஊழியர்கள் ஒழுங்கு நடவடிக்கையில் சின்ன தண்டனைக்கு 17(அ), பெரிய தண்டனைக்கு 17(ஆ) என்று பேசிக்கொள்வார்களே, அந்த வகைதான் உங்களுக்கும். கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் எல்லாம் சின்ன வகை. பணிநீக்கம், பணியறவு பெரிய வகை. பிடிபடுவதற்கு முன் தானே சொன்ன ஊழியருக்கும், சோதனையில் மாட்டிய பிறகு விளக்கம் எழுதும் ஊழியருக்கும் தண்டனையில் வித்தியாசம் இருக்கும், நீதிமன்றங்களும் தண்டனை செயலுக்குத் தகுந்ததா என்று பார்க்கும். இடைநீக்கம் வரலாம், வந்தால் பிழைப்பூதியம் உண்டு. கருணை அடிப்படையில் வந்த வேலை என்பதால் உங்களை எளிதாக அனுப்பிவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது தவறு. பணிவரன்முறை செய்யப்பட்ட, அதாவது பணி முறைப்படுத்தப்பட்ட ஊழியர் எந்த வழியில் வந்திருந்தாலும் ஒரே நடைமுறைதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நீங்களும் கணவரும் அந்த நண்பரும் சேர்ந்து ஒரே வக்கீலைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நண்பரைத் தனியாகப் போகச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் "அவர்கள் சொன்னார்கள், நான் பில் கொடுத்தேன்" என்று அவர் சாட்சியாக மாற எல்லா வாய்ப்பும் இருக்கிறது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. கட்டணம் பற்றிக் கவலை என்றால், 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். போகும்போது நியமன ஆணை, கடன் பத்திர நகல், மூன்று வருட பில் நகல்கள், கவர் ஒப்படைத்த கடிதத்தின் ஒப்புகை ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.